வெள்ளை நூல் மோட்டார்

வைண்டர் கடையில் நூல்கண்டு இரண்டு உண்டு. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. வேலைமேசைக்கு மேலே ஒரே ஆணியில் இரண்டும் தொங்கும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக்கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி உள்ளே இறக்குவது வைண்டர். இறக்கிய சுருள்கள் ஆடாமல் அசையாமல் இருக்க நூலால் இறுக்கிக் கட்டுவது அவர் மனைவி. அவள் கட்டினால் கட்டினதுதான், பல்லால் கடித்தால்கூட முடிச்சு அவிழாது.

“எந்த நூலுங்க?” என்று கேட்பாள்.

“கறுப்பு” என்பார். சில நாள் “வெள்ளை” என்பார். பதினோரு வருஷமாக இந்த விஷயத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

கட்டி முடித்ததும் வார்னிஷ். கடையில் அதற்குக் குளியல் என்று பெயர். சூடேற்றிய மோட்டாரை வார்னிஷ் தொட்டிக்குள் இறக்கினால் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். குமிழி நின்றதும் தூக்கிச் சொட்டவிட்டு, அடுப்புப் பெட்டிக்குள் ஒரு நாள் முழுக்க வேகவைக்க வேண்டும். மறுநாள் இன்னொரு குளியல், இன்னொரு நாள் அடுப்பு. முதல் குளியலில் விட்டுப்போன ஊசிமுனை ஓட்டைகளை இரண்டாவது குளியல் அடைக்கும். அடைக்காவிட்டாலும் மோட்டார் ஓடும். ஜோராகவே ஓடும். ஈரக்காற்று மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய்க் குடியேறும். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ கழித்து, மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு நாளில் மோட்டார் புகைந்துவிடும். மறுபடியும் வைண்டர் கடைக்கு வரும்.

கறுப்பு நூல் கட்டினால் இரண்டு குளியல். வெள்ளை நூல் கட்டினால் ஒன்று. ஊரில் எவருக்கும் தெரியாத இந்தக் கணக்கை வைண்டர் தன் நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார். மனிதர் பார்க்கச் சாதுவாக இருப்பார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக உலகத்தைப் பார்ப்பார். அவரிடம் இப்படி ஒரு பூட்டு இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

அந்தப் பூட்டில்தான் மகள் கைவைத்தாள், தெரியாமலேயே.

நகல் எடுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா கடையைப் பெரிதாக்குகிறேன் என்று வந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே நாலு நாளாக மழை. கடைக்குள் வார்னிஷ் வாசனையும் ஈரச்சாக்கு வாசனையும் கலந்து கிடந்தன. எரிந்த மோட்டார்கள் வாசலிலிருந்து உள்வரை வரிசை கட்டியிருந்தன. மழைக்காலம் வைண்டருக்கு அறுவடைக்காலம்.

“அப்பா, நமக்கு வேலை எப்ப வருது?” என்றாள் மகள்.

“மோட்டார் எரிஞ்சா வருது.”

“அப்போ நாம சாப்பிடணும்னா எவனோ ஒருத்தன் மோட்டார் எரியணும். நல்லாவா இருக்கு இது?”

“டாக்டரும்தான் காய்ச்சல் வந்தாச் சாப்பிடறாரு. அவர்கிட்ட போய்க் கேளு, போ.”

“பேச்சை மாத்தாதீங்க. நல்லாக் கட்டிக் குடுத்தா அவன் எட்டு வருஷம் இந்தப் பக்கமே வரமாட்டான். மட்டமாக் கட்டுறவன் கடையிலதான் கூட்டம் நிக்கும். வேலைய ஒழுங்காச் செய்யறவனுக்குத் தண்டனை. எந்த ஊரு நியாயம்ப்பா இது?”

வைண்டர் கம்பியைச் சுற்றுகிற கைப்பிடியை நிறுத்தினார். எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோயிருந்தது.

“அதனால நான் என்ன சொல்றேன்னா, மோட்டாரை நாமளே எடுத்துக்குவோம். அவங்க இடத்துலயே இருக்கும், அவங்க வேலையத்தான் செய்யும், ஆனா பொருள் நம்மளது. ஓடுற மாசத்துக்கு வாடகை. நின்னுபோனா அன்னைக்கே வேற ஒண்ணை மாட்டிவிட்டுட்டு, இதை எடுத்துட்டு வந்து கட்டி வெச்சுக்குவோம். கூடு நம்மளது, செம்பு நம்மளது, பேரிங் நம்மளது. ஒரு துண்டு கம்பிகூடக் குப்பைக்குப் போகாது. சுத்திச் சுத்தி நம்மகிட்டயேதான் வரணும். எவ்வளவு நாள் எரியாம ஓடுதோ அவ்வளவு நாளும் நமக்கு லாபம்.”

“எரிஞ்சா?”

“நம்ம தலையில விடியும். அதுதாம்ப்பா இதுல அழகே. நல்லாக் கட்டுறவன் ஜெயிப்பான்.”

நூல் கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள். “கோழிய வித்துட்டு முட்டைக்கு மட்டும் காசு வாங்குற மாதிரியாடி?”

“கோழிய விக்கவே வேணாங்கிறேம்மா.”

“அப்படிச் சொல்லு” என்று அம்மா சிரித்தாள். வைண்டர் சிரிக்கவில்லை. காகிதத்தில் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும் என்றார், ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார், தனக்கு வயதாகிவிட்டது என்றார், கடைசியில் கம்பி விலை ஏறுகிறது என்றார். ஒன்றுக்கொன்று ஒட்டாத காரணங்கள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

“ஜனங்க ஒத்துக்கிட்டாச்சு. சலவைக்கடை அக்காகிட்டப் பேசிட்டேன். அவங்க கடையில இருக்கிற ஏழு மோட்டாரும் நம்ம பேருக்கு வருது. நாளைக்குக் காலையில கையெழுத்து. பிரிச்சுப் பாத்து எடுத்துக்கிறீங்களான்னு அவங்களே கேட்டாங்க. எதுக்குக்கா பிரிக்கணும், ஏழும் எங்க அப்பா கட்டுனதுன்னுட்டேன்.”

அந்த ஏழில் நாலு வெள்ளை நூல்.

இந்த வெள்ளை நூல் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு வறண்ட வருஷத்தில். அதற்கு முன்னால் அவர் கட்டின மோட்டார்கள் ஊர் முழுக்க நோய்நொடியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஓடினால் ஓடினபடி. எதிர்ப்படுகிறவர்கள் “உங்க வேலைன்னா வேலைதான்” என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள், கையில் மோட்டார் இருக்காது. புகழைப் போட்டு அடுப்பெரிக்க முடியவில்லை. அப்போது ஒரு நாள், நேரமில்லை என்று ஒரு மோட்டாரை ஒற்றைக் குளியலோடு கொடுத்தார். அது பதினாலாம் மாதம் திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் அவரைக் குறை சொல்லவில்லை. “மழை பாருங்க” என்று மழையைக் குறை சொன்னார். அன்றுதான் வைண்டருக்கு வழி புலப்பட்டது. அடையாளத்துக்கு வெள்ளை நூல் வைத்துக்கொண்டார். எது திரும்பி வரும், எது வராது என்பது தனக்காவது தெரியவேண்டுமே.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு வயிற்றுப்பாட்டுக் கதையாகப் போயிருக்கும். யாருக்கு வெள்ளை, யாருக்குக் கறுப்பு என்று அவர் பிரித்த விதத்தில்தான் அசிங்கம் இருந்தது. மாவுமில்காரர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கும்போதே தெருவே கூடும்படி கத்துவார். “ரெண்டு வருஷத்துல எரிஞ்சுதுன்னா கடையைக் கொளுத்திருவேன்” என்பார். அவருக்குக் கறுப்பு நூல். பேரம் பேசி மூக்கால் அழுகிறவர்கள், உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறவர்கள், எல்லாருக்கும் கறுப்பு. “எனக்கென்ன தெரியும் அண்ணா, நீங்க பாத்துச் செய்ங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு வெள்ளை. நம்பினவர்களாகப் பார்த்துத்தான் அவர் ஏமாற்றியிருந்தார். இதை இத்தனை வெளிச்சமாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை. மழை தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில்தான் சொல்லிப் பார்த்தார். காது மடல் சூடாகியது.

கடைக்குப் பின்னாலேயே வீடு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சோறும் அவித்த முட்டையும் நேற்றைய குழம்பும். மகள் அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு தையல்கூடத்தில் பேசப் போய்விட்டாள். அங்கே முப்பது மோட்டார் இருந்தது.

வைண்டர் முட்டையை உரித்துவிட்டுச் சாப்பிடாமல் வைத்திருந்தார்.

“அவகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?” என்றாள் மனைவி.

“எதை?”

“வெள்ளை நூலை.”

அவருக்குப் புரையேறவில்லை. வாயில் சோறு இருந்தால்தானே புரையேற.

“உனக்கு...”

“கட்டுறவ நானு. கறுப்பு நூல் கட்டுனது மூணாம் நாள் கடைய விட்டுப் போகுது. வெள்ளை நூல் கட்டுனது மறுநாளே போகுது. எனக்கு எண்ணத் தெரியாதா? முதல் வருஷமே தெரியும்.”

“ஏன் கேக்கலை?”

அவள் தட்டில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினாள். “கேட்டா நீங்க சொல்லிருவீங்கன்னு பயம். தெரியாத மாதிரி இருந்தா நான் நூல்தானே கட்டுறேன்னு இருக்கலாம். அந்தச் சலவைக்கடை அம்மா ஒவ்வொரு தடவை வரும்போதும் எனக்குச் சோப்பு கொண்டுவந்து குடுப்பாங்க. அந்தச் சோப்புலதான் குளிப்பேன். வெக்கங்கெட்ட ஜென்மம்.”

உரித்து வைத்திருந்த முட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அந்தப் பிள்ளை ஊரெல்லாம் போய் அப்பா கட்டுனது, அப்பா கட்டுனதுன்னு சொல்லிட்டு வருது. கையெழுத்தும் போட்டுட்டா அத்தனையும் அவ தலையில எரியும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்றேன்” என்றார் வைண்டர்.

சொல்கிறேன் என்பது சுலபம். மகள் ஈரக்குடையோடு திரும்பி வந்து, தையல்கூடத்துக்காரர்களும் யோசிக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னபோது அவர் எழுந்து வேலைமேசைக்குப் போனார். ஒரு மோட்டாரை எடுத்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே வார்னிஷில் ஊறித் தேன் நிறமாகிப்போன வெள்ளை நூலை அவளுக்குக் காட்டினார். பக்கத்தில் இன்னொரு மோட்டாரின் கறுப்பு நூலைக் காட்டினார். பிறகு தொட்டியைக் காட்டினார். தொழில் சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்து அவளும் முதலில் “உம், உம்” என்று ஆர்வமாகக் கேட்டாள். பாதியில் அந்த “உம்” நின்றுபோனது.

“வேணும்னேவா?” என்றாள்.

“ஆமா.”

“எத்தனை?”

“இப்ப ஊருக்குள்ள ஓடிட்டு இருக்கிறது முப்பத்தெட்டு.”

“எங்கெங்கன்னு தெரியுமா?”

“எல்லாம் தெரியும்.”

அவள் சலவைக்கடை ஒப்பந்தத்தைப் புரட்டி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுதுவதற்கு உட்கார்ந்தாள். “சொல்லுங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். இருபது தாண்டியதும் பேனா நின்றது. எழுதினதை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள்.

“மாவுமில்காரரு இல்ல. ஐஸ் கம்பெனிக்காரரு இல்ல. சண்டை போடுறவங்க ஒருத்தரும் இதுல இல்லையேப்பா?”

வைண்டர் கழற்றிய மூடியை மறுபடி மாட்டத் தொடங்கினார்.

“எல்லாம் நல்லவங்களாப் பாத்துப் பொறுக்கியிருக்கீங்க.”

“அப்ப கையில வேலை இல்ல பாப்பா. உன் படிப்புக்கு...”

“வேணாம்ப்பா” என்று கையைத் தூக்கினாள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவருக்குச் சற்றுத் தேவலையாக இருந்திருக்கும். “அதை என் மேல கட்டாதீங்க. நான் படிச்சதுக்கு நான் என்ன பதில் சொல்றது? மிச்சத்தைச் சொல்லுங்க.”

மிச்சத்தையும் சொன்னார். முடித்ததும் அவள் காகிதத்தை மடித்தாள். “முப்பத்தெட்டையும் நாமளே போய்க் கழட்டி எடுத்துட்டு வந்து, காயவெச்சு, ரெண்டாவது குளியல் போட்டுத் திருப்பி மாட்டணும். நம்ம செலவுல. அப்புறம்தான் வாடகை, ஒப்பந்தம் எல்லாம். யார் யாருக்கு எதுக்காகக் கழட்டுறோம்னும் சொல்லணும். நீங்கதான் சொல்லணும்.”

“நானா?”

“பின்ன? அப்பா கட்டுனதுன்னு நான் சொன்னது பொய்யில்லையே. நீங்க கட்டுனதுதானே?”

மறுநாள் காலை மழை தூறலாக இறங்கியிருந்தது. சலவைக்கடைக்குள் வெந்நீர் ஆவி. விடுதிப் போர்வைகள் ஈரம் சொட்டச் சொட்டக் குவிந்து கிடந்தன. பெரிய மெஷின்கள் தடதடவென்று ஓடின. சத்தத்தை வைத்தே எது தன் வெள்ளை நூல் என்று வைண்டருக்குத் தெரிந்தது. சலவைக்கடை அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “வாங்கண்ணா, உக்காருங்க, டீ சொல்றேன்” என்றாள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பெண்மணி. மெஷின் சத்தத்தில் அவள் பேசுவதைக் கேட்க எதிரில் இருப்பவர்தான் குனிய வேண்டும்.

டீ வந்தது. வைண்டர் தொடவில்லை. சொன்னார். நூல், குளியல், நாலு மோட்டார், எல்லாம். நடுவில் மகள் உதவிக்கு வருவாள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் போர்வைக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலவைக்கடை அம்மா போய் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தாள். கடை அமைதியானது.

“அண்ணா, போன மழைக்கு நடு மெஷின் எரிஞ்சப்ப ஏன் எரிஞ்சுதுன்னு உங்களைக் கேட்டேன், ஞாபகம் இருக்கா?”

வைண்டருக்கு ஞாபகம் இருந்தது. எல்லாருக்கும் சொல்கிற பதிலைத்தான் சொல்லியிருந்தார்.

“லோடு அதிகம் போட்டிருப்பாங்கன்னு சொன்னீங்க.”

“ஆமாம்மா.”

“அந்த மெஷினைப் பாத்துக்கிட்டவங்க ஆறு வருஷம் எங்கிட்ட வேலை பாத்தவங்க. நான் ஒரு துணிகூட அதிகமாப் போடலைக்கான்னு அழுதாங்க. பிள்ளை மேல சத்தியம் பண்ணாங்க. நான்...” அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “வைண்டர் அண்ணன் எதுக்குப் பொய் சொல்லப் போறாரு, நீதான் பொய் சொல்றேன்னு சொல்லி வேலைய விட்டு நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு சலவைக்கடையில கேட்டிருக்காங்க. மெஷினை எரிச்சவளான்னு கேட்டு யாரும் சேத்துக்கலையாம்.”

வைண்டர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று தெரியவில்லை. மறுபடி உட்காரவும் முடியவில்லை. அதுவரைக்கும் மோட்டாருக்குத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். மோட்டாருக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றிருந்தது அவருக்குத் தெரியாது.

“நஷ்டத்துக்கு...” என்று ஆரம்பித்தார்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்ணா. உங்க பொண்ணு சொல்ற ஏற்பாடு நல்லதுதான். மோட்டார் உங்களுதா இருந்திருந்தா நீங்க இப்படிச் செஞ்சிருக்கமாட்டீங்க, அது புரியுது. கையெழுத்து எங்க போயிடப் போகுது? முதல்ல அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. நானும் போய் மன்னிப்புக் கேக்கணும், அது என் பாடு. நீங்க சொல்ல வேண்டியதை நீங்க சொல்லணும்.”

வழி கேட்டுக்கொண்டு போனார்கள். மகள் குடைக்குள் கூப்பிட்டாள், அவர் நனைந்துகொண்டே நடந்தார். குழாயடியைத் தாண்டி ஒரு சந்து. எதிரும் புதிருமாகச் சின்னச் சின்ன வீடுகள். கூரை இறக்கத்துக்குக் கீழே நாலைந்து பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து, கூலிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். சந்து முழுக்கப் பூண்டு நெடி.

“சலவைக்கடையில மெஷின் பாத்துக்கிட்டவங்க...” என்று மகள் இழுத்தாள்.

அதில் ஒருத்தி கையைத் தூக்கினாள். நாற்பது வயது இருக்கும். விரல்நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. “நான்தான். என்ன விஷயம்?”

வைண்டர் அவள் பக்கத்தில் குந்தினார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, தாழ்ந்த குரலில் சொன்னார். “நான் வைண்டிங் கடை. அந்த மோட்டார் எரிஞ்சது லோடு போட்டதால இல்லம்மா. என் வேலை சரியில்ல. தெரிஞ்சே அரைகுறையாச் செஞ்சு குடுத்தேன். லோடுன்னு சொன்னது பொய்.”

அவள் கையிலிருந்த பூண்டை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள். “என்ன சொன்னீங்க?”

திரும்பவும் சொன்னார்.

“அப்ப நான் இல்லையா?”

“நீங்க இல்லம்மா.”

பூண்டுத்தோல் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவள் திட்டவில்லை. எழுந்து நின்று வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க. பெரியவனையும் கூட்டிட்டு வாங்க.”

புருஷன் பனியனோடு வாசலுக்கு வந்து நின்றான். பின்னால் மகன், வேலைக்குப் போகிற வயதுப் பையன். உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

“இப்ப சொல்லுங்க” என்றாள் அவள். “எங்கிட்டச் சொன்ன மாதிரி வாய்க்குள்ளயே சொல்லாதீங்க. எல்லாருக்கும் கேக்கணும்.”

வைண்டர் குந்தின இடத்திலிருந்து எழுந்தார். பதினோரு வருஷமாகச் சத்தம் போடாத ஆட்களாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கின மனிதர், சந்துக்கு நடுவில் நின்று, தொண்டையைக் கிழித்துக்கொண்டு சொன்னார். தன் தொழில் என்ன, என்ன செய்தார், என்ன பொய் சொன்னார், யார் மேல் சொன்னார், எல்லாவற்றையும் சொன்னார். குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி அவர் காதுக்கே வந்தது. முடித்தபோது மூச்சு வாங்கியது.

மகள் குடையை மடக்கிவிட்டு அவர் பக்கத்தில் வந்து நனைந்துகொண்டு நின்றாள்.

அந்தப் பெண்ணின் கண் நிரம்பியிருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு வைண்டர் பக்கம் திரும்பினாள்.

“இன்னொரு தடவை” என்றாள்.